முதலில் ஒரு பந்து: மெய்நிகர் விளையாட்டு உருவாக்கம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

மெய்நிகர் உலகில் விளையாட்டு உருவாக்குவது குறித்துச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, நீளமானவற்றைச் சுருக்கி, இந்த இதழில் பதில் தருகிறேன். ‘மெய்நிகர் உண்மை’ என்பதை எல்லோரும் சொல்வதுபோல் வி.ஆர். என்றே குறிப்பிடுகிறேன். அந்த உலகைக் காட்ட, கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் திரைக்கருவிதான் ஹெட்செட்.

கேள்வி: கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவன் நான். சி ஷார்ப் நிரல்மொழி ஓரளவு தெரியும். வி.ஆர். விளையாட்டு செய்ய ஆசை இருக்கிறது, ஹெட்செட் இல்லை. அதை வாங்கிய பிறகுதான் தொடங்க வேண்டுமா? என் மடிக்கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டும் கிடையாது.

வேண்டியதில்லை. முதல் ஒரு மாதத்தை ஹெட்செட் இல்லாமலேயே ஓட்டிவிடலாம். ஒரு காட்சியை அமைப்பது, பொருளுக்கு எடையும் மோதும் எல்லையும் கொடுப்பது, ஒன்று நடந்தால் இன்னொன்றை நடக்கச் செய்வது ஆகிய அடிப்படைகள் சாதாரணத் திரை விளையாட்டுக்கும் வி.ஆருக்கும் பொதுவானவை. விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளை எஞ்சின் என்பார்கள். அவற்றுள் ஒன்றான யூனிட்டியின் எக்ஸ்ஆர் இன்டராக்‌ஷன் டூல்கிட் என்னும் இலவசத் தொகுப்பில் ஒரு சிமுலேட்டரும் உண்டு. விசைப்பலகையையும் மவுஸையும் கொண்டு தலையையும் இரு கைகளையும் அசைப்பதாகப் பாவனை செய்துகொண்டு, கதவைத் திறக்கும் நிரல் வேலை செய்கிறதா, பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறதா என்பதை அதிலேயே பார்த்துவிடலாம்.

அந்தக் கதவின் கைப்பிடி கைக்கு எட்டுகிறதா என்பதைச் சிமுலேட்டர் சொல்லாது. மூன்று வாரம் திரையில் மட்டுமே பார்த்துச் செதுக்கிய ஓர் அலமாரியை முதன்முதலாக ஹெட்செட் மாட்டிக்கொண்டு பார்த்தபோது, அதன் கைப்பிடி என் நெற்றிக்கு நேராக இருந்தது. அலமாரி முழுவதும் ஏதோ பூதத்தின் வீட்டுச் சாமான்போல் தெரிந்தது. யூனிட்டியிலும் கோடோ என்னும் எஞ்சினிலும் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர். அன்ரியல் என்னும் எஞ்சினில் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, செய்யும் ஒவ்வொரு மேசைக்கும் நாற்காலிக்கும் உங்கள் வீட்டில் இருப்பதை அளந்து அதே அளவைக் கொடுத்துப் பழகுங்கள். ஹெட்செட் வரும்வரை அளவுநாடாதான் உங்களுக்கு ஹெட்செட்.

இரண்டாம் மாதத்திலிருந்து இரவல் வாங்கியாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: தலை திரும்புவதை மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்வதையும் அது கண்டறிய வேண்டும், இரு கைகளிலும் பிடித்துக்கொள்ளக் கன்ட்ரோலர் இருக்க வேண்டும். கைபேசியைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டி வகையை 2014-இல் கூகுள் கார்ட்போர்டு என்ற பெயரில் பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள். அது தலை திரும்புவதை மட்டுமே அறியும். வேடிக்கை பார்க்க அது போதும். விளையாட்டு செய்யக் கற்றுக்கொள்ள உதவாது.

மடிக்கணினியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2019-இல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட் தொடங்கி, கணினியின் துணையில்லாமல் தானே இயங்கும் ஹெட்செட்டுகள் பரவிவிட்டன. விளையாட்டு ஹெட்செட்டுக்குள் ஓடுவதால், உங்கள் கணினி எஞ்சினின் எடிட்டரை ஓட்டினால் போதும், 16 ஜி.பி. நினைவகம் இருந்தால் சமாளிக்கலாம். ஒரே சிரமம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால், ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் கேபிள் வழியே ஹெட்செட்டில் நிறுவித்தான் சோதிக்க முடியும், அதற்குச் சில நிமிடம் ஆகும். ஐந்தாறு மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஒரே தடவையாக நிறுவும் பழக்கம் தானாகவே வந்துவிடும்.

கேள்வி: யூனிட்டி, அன்ரியல், கோடோ: எதில் தொடங்கலாம்? ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள்.

ஒவ்வொருவரும் தாங்கள் கற்றதைச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சி ஷார்ப் தெரிந்தவர்களுக்கும், தனித்து இயங்கும் ஹெட்செட்டுக்குச் செய்ய நினைப்பவர்களுக்கும் யூனிட்டி பொருந்தும். வி.ஆருக்கான பயிற்சிப் பாடங்களும், சிக்கல் வந்தால் ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த தீர்வும் அதில்தான் அதிகம் கிடைக்கின்றன. பீட் சேபர் போன்ற பெருவெற்றி பெற்ற வி.ஆர். விளையாட்டுகள் அதில் உருவானவை. அன்ரியலில் நிரல் எழுதாமல் கட்டங்களைக் கோடுகளால் இணைக்கும் புளூபிரிண்ட் முறை இருப்பதால், ஓவியம், கட்டடக்கலை போன்ற துறைகளிலிருந்து வருபவர்கள் அதில் சட்டெனப் பழகிவிடுகிறார்கள். காட்சியின் பொலிவும் அதில் அதிகம், ஆனால் அந்தப் பொலிவில் பெரும்பகுதியைத் தனித்து இயங்கும் ஹெட்செட் தாங்காது. கோடோ முழுக்கத் திறந்த மூல மென்பொருள், எடை குறைவு, பழைய கணினியிலும் ஓடும். 2023-இல் வந்த அதன் நான்காம் பதிப்பிலிருந்து வி.ஆர். வசதி எஞ்சினுக்குள்ளேயே அமைந்துவிட்டது.

காசு விஷயம்: யூனிட்டியின் இலவசப் பதிப்பை ஆண்டு வருவாய் 2 லட்சம் டாலரைத் தாண்டும்வரை பயன்படுத்தலாம், அன்ரியலில் ஒரு விளையாட்டு 10 லட்சம் டாலர் ஈட்டிய பிறகே பங்கு கேட்பார்கள், கோடோவில் எதுவும் கிடையாது. முதல் விளையாட்டு செய்பவர் இந்த எண்களை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தாலும் ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற பொதுத்தரத்தின் வழியாகவே ஹெட்செட்டுடன் பேசுங்கள். க்ரோனோஸ் என்ற தொழில் கூட்டமைப்பு 2019-இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. அதற்கு முன்னர் ஒவ்வொரு நிறுவனத்தின் ஹெட்செட்டுக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது. இப்போது ‘வலக்கையின் பிடி எங்கே இருக்கிறது’ என்று ஒரே மொழியில் கேட்டால் பெரும்பாலான ஹெட்செட்டுகள் பதில் சொல்லிவிடும்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து எங்கள் முதல் வி.ஆர். விளையாட்டைத் திட்டமிட்டிருக்கிறோம். ஒரு பேரரசு, அதில் மூன்று நகரங்கள், குதிரைப் படை, வாட்போர், ஒரே நேரத்தில் நாற்பது பேர் விளையாடும் வசதி. ஆறு மாதத்தில் முடிக்க முடியுமா?

முடியாது. ஆறு ஆண்டு ஆனாலும் நால்வரால் முடியுமா என்பது ஐயமே. உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வாட்போரில் கைக்கும் வாளுக்கும் இடையே உள்ள உறவை மட்டும் சரிசெய்யவே உங்களுக்கு முதல் ஆறு மாதம் தேவைப்படும்.

நான் சொல்லும் முதல் விளையாட்டு இதுதான்: ஒரு மேசை, ஒரு பந்து, மூன்று மீட்டர் தள்ளி ஒரு தகர டப்பா. பந்தை எடுத்து எறிந்து டப்பாவை விழவைக்க வேண்டும். திரை விளையாட்டில் இது அரை மணி நேர வேலை, ஏனென்றால் அங்கே பந்து எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதை நீங்களே ஓர் எண்ணாக எழுதிவிடுவீர்கள். வி.ஆரில் அந்த எண்ணைத் தருவது விளையாடுபவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து செய்யும் ஓர் அசைவு. மனிதர்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே எறிந்து பழகியவர்கள். பந்து தாங்கள் எதிர்பார்த்த இடத்துக்குப் போகவில்லை என்றால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ‘இது சரியில்லை’ என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

செய்து பாருங்கள், என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் எறிதலில் பந்து உங்கள் காலடியில் பொத்தென்று விழும். கையின் பிடி பொத்தானை நீங்கள் விடுகிற கணத்தில் கன்ட்ரோலரின் வேகம் என்ன என்று நிரல் கேட்கிறது. ஆனால் விரல் முழுதாக விலகுவதற்குள் கை வீச்சின் உச்சத்தைத் தாண்டி வேகம் குறையத் தொடங்கிவிடுகிறது. எனவே விடுபட்ட அந்த ஒரு கணத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய சில பிரேம்களின் (அடுத்தடுத்து வரையப்படும் படங்களின்) வேகங்களைச் சேமித்துவைத்து அவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். யூனிட்டியின் டூல்கிட்டில் இதற்கென்றே ஒரு கால அளவு இருக்கிறது. இயல்பாகக் கால் விநாடி. அதை 0.1 ஆகவும் 0.4 ஆகவும் மாற்றி எறிந்து பார்த்தால், ஓர் எண் கையின் உணர்வை எப்படி மாற்றுகிறது என்பது புரியும்.

அதைச் சரிசெய்த பிறகு, மணிக்கட்டைச் சுண்டி எறிபவர்களின் பந்து மட்டும் மந்தமாகப் போவதைக் காண்பீர்கள். கன்ட்ரோலர் நகரும் வேகத்தை மட்டும் பந்துக்குக் கொடுத்து, அது சுழலும் வேகத்தை விட்டுவிட்டதன் விளைவு அது. மணிக்கட்டு சுழலும்போது உள்ளங்கைக்குச் சற்று முன்னால் இருக்கும் பந்து, கையைவிட வேகமாக நகர்கிறது. சுழல்வேகத்தையும் அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்த்தால் சுண்டும் உணர்வு திரும்பிவிடும்.

மூன்றாவது சிக்கல் எனக்கு இரண்டு நாளைத் தின்றது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல அசைத்தால் அது நடுநடுங்கியது. கன்ட்ரோலர் பழுதோ என்று நினைத்தேன், கேபிளை மாற்றினேன், அறை விளக்கைக்கூட மாற்றினேன். யூனிட்டி தன் இயற்பியல் கணக்கை இயல்பாக 0.02 விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 முறை செய்கிறது. ஹெட்செட்டோ விநாடிக்கு 72 முறை படம் காட்டுகிறது. கை 72 முறை நகர, பந்து 50 முறை மட்டுமே நகர்ந்தால் நடுக்கமாகத்தான் தெரியும். அந்த இடைவெளியை 72-இல் ஒரு பங்காக மாற்றியதும் நடுக்கம் நின்றது.

இத்தனைக்கும் பிறகு இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது: பந்தைப் பிடித்திருக்கும்போது கை எப்படித் தெரிய வேண்டும்? விரல்கள் ஒவ்வொரு பொருளையும் சரியாகச் சுற்றிப் பிடிப்பதுபோல் அமைப்பது பெரிய வேலை. 2016-இல் வெளிவந்த ஜாப் சிமுலேட்டர் விளையாட்டில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள்: பொருளை எடுத்ததும் கை மறைந்துவிடும், பொருள் மட்டுமே தெரியும். விளையாடுபவர்களில் பெரும்பாலோர் கை மறைந்ததைக் கவனிப்பதே இல்லை. மனம் அந்தப் பொருளையே கையாக ஏற்றுக்கொள்கிறது. நால்வரே உள்ள குழுவுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

பிறகு பந்தைத் தொட்டதும் கன்ட்ரோலரில் ஒரு மெல்லிய அதிர்வு, டப்பா விழும்போது அது விழும் திசையிலிருந்தே வரும் ஓசை, இவ்வளவும் சேர்த்து, விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அவர் பத்து நிமிடம் கழித்தும் கழற்ற மறுத்தால், அடுத்து வாளைப் பற்றி யோசிக்கலாம். குதிரை அதற்கும் அப்புறம்.

கேள்வி: நான் செய்த விளையாட்டை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வந்து கழற்றிவிட்டார். நான் மணிக்கணக்கில் விளையாடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அவருக்குத்தான் ஏதேனும் பிரச்சினையா?

அக்காவின் உடல் சரியாகத்தான் வேலை செய்கிறது. உங்கள் உடல்தான் பழகிக் கெட்டிருக்கிறது.

உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்கள் தலை சுழலத் தொடங்குவதையும் நிற்பதையும் உணர்கின்றன; அருகிலுள்ள வேறு இரு பைகள் நேர்க்கோட்டில் வேகம் கூடுவதையும் குறைவதையும் உணர்கின்றன. உங்கள் விளையாட்டில் கட்டைவிரலால் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளியதும் உலகம் பின்னோக்கி ஓடுகிறது. கண் ‘போகிறோம்’ என்கிறது, காது ‘நின்றுகொண்டிருக்கிறோம்’ என்கிறது. இந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஓடும் வண்டியில் புத்தகம் படிப்பவருக்கு நேர்வது இதன் மறுபக்கம்.

இதிலிருந்து திரை விளையாட்டு செய்து பழகியவர்களுக்கு வியப்பூட்டும் ஒரு விதி கிடைக்கிறது. திரையில் நடை அழகாகத் தெரிய, வேகத்தை மெல்லமெல்லக் கூட்டி மெல்லமெல்லக் குறைப்போம். வி.ஆரில் அது தவறு. காது உணர்வது வேகத்தை அல்ல, வேக மாற்றத்தை. எனவே வேகம் மாறிக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது: தொட்டதும் முழுவேகம், விட்டதும் நிற்றல். திருப்பத்துக்கும் அப்படியே. உலகம் வழுக்கிச் சுழல்வதைவிட, ஒரு தட்டுக்கு 30 அல்லது 45 பாகை சட்டென்று மாறும் திருப்பம் பெரும்பாலோருக்குச் சுகமானது. தொலைவுக்குச் செல்ல, கையால் ஓர் இடத்தைச் சுட்டி அங்கே தாவும் முறையைக் கட்டாயம் வையுங்கள். 2020-இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் போன்ற பெரிய விளையாட்டிலும் தாவுதல், தொடர்நடை இரண்டும் தெரிவுகளாகவே இருக்கின்றன. தொடர்நடை வேண்டும் என்பவர்களுக்கு, நகரும்போது மட்டும் பார்வையின் ஓரங்களை மெல்ல இருட்டாக்கும் வழியும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதைச் சோதித்து அசௌகரியம் குறைவதைக் காட்டினார்கள்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி, விளையாடுபவரை நகர்த்தாமலே விளையாட்டை அமைப்பது. பீட் சேபரில் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். கட்டைகள்தான் உங்களைத் தேடி வருகின்றன. முதல் விளையாட்டுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

இன்னொன்று: விளையாடுபவரின் தலையை நீங்கள் தொடவே கூடாது. வெடி வெடித்தால் கேமராவைக் குலுக்குவது, நடக்கும்போது ஏற்ற இறக்கமாக ஆட்டுவது, கதைக் காட்சிக்காகப் பார்வையை வேறு பக்கம் திருப்புவது, அடுத்த காட்சி ஏறும்வரை படத்தை உறையவைப்பது ஆகிய எதுவும் ஆகாது. காட்சி மாற நேரமாகும் என்றால் கறுப்பாக மங்கவைத்துவிடுங்கள். கறுப்புத் திரை யாருக்கும் குமட்டுவதில்லை.

நான் ஒருமுறை படகில் செல்லும் விளையாட்டு ஒன்றைச் செய்தேன். அலையில் படகு ஆட, அதோடு விளையாடுபவரும் ஆடும்படி அமைத்து, இரண்டு மாதம் தினமும் அதில் உட்கார்ந்து நிரல் எழுதினேன். தாலாட்டுப்போல் சுகமாக இருந்தது. பார்க்க வந்த நண்பர் நான்காவது நிமிடம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அன்று சாப்பிடவும் இல்லை. பிறகு படகை அசையாமல் நிறுத்தி, தண்ணீரையும் படகில் தொங்கும் விளக்கையும் மட்டும் ஆடவிட்டேன். ‘படகு ஆடுகிறது’ என்றே எல்லோரும் சொன்னார்கள். யாருக்கும் தலை சுற்றவில்லை.

எனவே உங்கள் அக்காவைப் போன்றவர்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். ஒருவர் முதன்முறையாக உங்கள் விளையாட்டை அணிவது ஒரே ஒருமுறைதான். ஐந்தாறு தடவைக்குப் பிறகு அவரும் பழகிவிடுவார். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ஒரு புதியவரை ஒதுக்கிவையுங்கள். குமட்டல் தொடங்கினால் ‘இன்னும் கொஞ்சம் பாருங்கள்’ என்று வற்புறுத்த வேண்டாம். உடனே கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கணினியில் வெண்ணெயாக ஓடும் என் விளையாட்டு, ஹெட்செட்டில் நிறுவினால் திக்கித் திக்கி ஓடுகிறது. என்ன செய்ய?

ஹெட்செட்டுக்குள் இருப்பது கைபேசி வகையைச் சேர்ந்த சில்லு. அது ஒரே காட்சியை இரு கண்களுக்கும் இருமுறை வரைகிறது. விநாடிக்கு 72 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 13.9 மில்லி விநாடி. 90 என்றால் 11.1. திரை விளையாட்டில் ஒரு பிரேம் தவறினால் யாருக்கும் தெரியாது. இங்கே தலை திரும்பும்போது உலகம் ஒரு கணம் பின்தங்கி வருவதாக உடம்பே உணரும்.

முதலில் ஊகிப்பதை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் எஞ்சினின் புரொஃபைலரை ஹெட்செட்டுடன் இணைத்து, நேரம் மையச் செயலியில் போகிறதா, கிராபிக்ஸ் செயலியில் போகிறதா என்று பாருங்கள். காட்சியின் தெளிவுத்திறனைத் தற்காலிகமாகப் பாதியாகக் குறைத்தால் வேகம் கூடுகிறதா? கூடினால் குற்றவாளி கிராபிக்ஸ் செயலி. கூடாவிட்டால் நிரலையோ, டிரா கால் எனப்படும் வரையும் கட்டளைகளின் எண்ணிக்கையையோ சந்தேகிக்க வேண்டும்.

கிராபிக்ஸ் பக்கம் நான் முதலில் அணைத்துப் பார்ப்பது, முழுத்திரைக்கும் பூசப்படும் ஒளிர்வு, மங்கல் போன்ற பிந்தைய விளைவுகளை. கைபேசிச் சில்லு திரையைச் சிறுசிறு ஓடுகளாகப் பிரித்துத் தனக்குள்ளேயே வரைந்து முடிப்பது. இந்த விளைவுகளோ முழுப் படத்தையும் நினைவகத்துக்கு அனுப்பித் திரும்ப வாங்கவைப்பவை. அதே காரணத்தால் ஓரங்களை மென்மையாக்கும் நான்கு மடங்கு எம்எஸ்ஏஏ அங்கே மலிவாகக் கிடைக்கிறது. அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அடுத்து நிழல்கள்: அசையாத பொருள்களுக்கு ஒளியையும் நிழலையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் படமாகப் பதித்துவிடுங்கள். புகை, கண்ணாடி, இலைக்கொத்து போன்ற ஊடுருவித் தெரியும் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் செலவு ஏறிக்கொண்டே போகும். இரு கண்களுக்கும் ஒரே கட்டளையில் வரையும் சிங்கிள் பாஸ் முறை இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது அணைந்திருந்தால் டிரா கால் அப்படியே இருமடங்கு.

நிரல் பக்கம், ஒவ்வொரு பிரேமிலும் புதிய பொருளை உருவாக்கி அழிப்பதுதான் வழக்கமான தவறு. சில விநாடிக்கு ஒருமுறை சரியாக ஒரு திக்கல் வந்தால், பயன்படாமல் கிடக்கும் பொருள்களை நினைவகத்திலிருந்து எஞ்சின் குப்பையாகக் கூட்டி அகற்றுகிறது என்று பொருள். தோட்டாக்களையும் பந்துகளையும் முன்பே செய்துவைத்து, மறைத்தும் காட்டியும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கணிதம் எவ்வளவு தெரிய வேண்டும்?

திசையன்கள் நன்றாகத் தெரிய வேண்டும்: கூட்டல், நீளம், புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல். ‘கதவு எனக்கு முன்னால் இருக்கிறதா, பின்னாலா’ என்பதற்குப் புள்ளிப் பெருக்கல்தான் விடை. குவாட்டர்னியன் என்னும் நான்கு எண்கள் ஒரு சுழற்சியைக் குறிக்கின்றன என்று தெரிந்துகொண்டு, அவற்றைத் தனித்தனியாகத் தொட்டு மாற்றாமல் எஞ்சின் தரும் கட்டளைகளாலேயே கையாளுங்கள். அதன் உள்ளிருப்பைக் கற்காமலே பல ஆண்டு ஓட்டியவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு விளையாடுபவள் நான். பல விளையாட்டுகளில் மேசைகள் என் முகத்துக்கு நேராக இருக்கின்றன, தரையில் விழுந்ததை எடுக்க முடிவதில்லை. நானே ஒன்றைச் செய்யலாம் என்று கற்கத் தொடங்கியிருக்கிறேன். இதை எப்படித் தவிர்ப்பது?

தொடங்கும்போதே இதை நினைப்பவருக்கு வேலை எளிது. முடித்த பிறகு சேர்ப்பவருக்கு மலையைக் கெல்லும் வேலை.

ஹெட்செட் தன் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சொல்லும். அந்த அளவை அப்படியே பயன்படுத்தினால் உட்கார்ந்திருப்பவர் குட்டையானவராகிவிடுகிறார். எனவே தொடக்கத்திலேயே ‘நிற்கிறேன், உட்கார்ந்திருக்கிறேன்’ என்று இரண்டு தெரிவுகள் கொடுத்து, இரண்டாவதில் கண்ணின் உயரத்தோடு ஒரு வித்தியாசத்தைக் கூட்டிவிடுங்கள். அந்த வித்தியாசத்தை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தானும் தேவை. குழந்தைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் அதுவே பயன்படும்.

கூட்டினால் ஒரு பக்கவிளைவு வரும்: மெய்யான தரை கைக்கு எட்டினாலும் விளையாட்டின் தரை இன்னும் கீழே போய்விடும். ஆகவே விழுந்த பொருளைக் குனிந்துதான் எடுக்க வேண்டும் என்று வைக்காதீர்கள். கையை நீட்டிச் சுட்டிப் பிடியை அழுத்தினால் பொருள் பறந்து வந்து கையில் சேரட்டும், அல்லது விழுந்த சில விநாடியில் தானே மேசைக்குத் திரும்பட்டும். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அம்பை எடுக்கும் அமைப்பு நாற்காலியின் சாய்வில் இடிக்கும். இடுப்பிலோ மார்பிலோ வைக்கலாம். இரு கையும் வேண்டிய செயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கையால் செய்யும் மாற்று வழியையும் யோசித்துவையுங்கள். நீங்கள் விளையாடிப் பார்க்கும்போது உங்களுக்கு எரிச்சல் தரும் ஒவ்வொன்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு நிரல் எழுதும் எங்களில் யாருக்கும் அந்தப் பட்டியல் கிடைக்காது.

கேள்வி: விளையாட்டில் வரும் எழுத்துகளைப் படிக்கவே முடியவில்லை என்கிறார்கள். கணினித் திரையில் தெளிவாகத்தானே இருக்கின்றன?

குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 1832 × 1920 புள்ளிகள் இருக்கின்றன. அவை பார்வைப் பரப்பு முழுவதும் இழுத்து விரிக்கப்படுவதால் ஒரு பாகைக்குச் சுமார் 20 புள்ளிகளே கிடைக்கும். நல்ல பார்வையுள்ள கண்ணோ பாகைக்குச் சுமார் 60 வரை பிரித்தறியும். எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளைக் குறைத்து, ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தில் வையுங்கள். மூக்குக்கு அருகே மிதக்கவிட்டால் கண் வலிக்கும். தமிழில் எழுத்துகளைக் காட்டுபவர்கள் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகின்றனவா என்பதை ஹெட்செட்டிலேயே பாருங்கள். ‘கொ’ என்பது உடைந்து மூன்று துண்டாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: செய்து முடித்த பிறகு எங்கே வெளியிடுவது? இதை நம்பி வேலையை விடலாமா?

வேலையை விட வேண்டாம். வி.ஆர். ஹெட்செட் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை, கைபேசியில் விளையாடுபவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. சில விளையாட்டுகள் கொழித்திருக்கின்றன, பெரும்பாலானவை போட்டதையே எடுக்கவில்லை. ஆனால் மூன்று சிறு விளையாட்டுகளை முழுமையாக முடித்துக் காட்டினால், பயிற்சி மென்பொருள், கட்டடக்கலை, மருத்துவக் கல்வி போன்ற துறைகளில் அதே திறமைக்கு வேலை உண்டு.

முதல் வெளியீட்டுக்கு, சிறு விளையாட்டுகளை யாரும் பதிவேற்றக்கூடிய இட்ச் இணையதளம் போதும். கட்டணமும் இல்லை, சோதனையும் இல்லை. கணினியோடு இணைந்த ஹெட்செட்டுக்குச் செய்திருந்தால் ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டுக் கடையில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டிப் பதிவுசெய்யலாம். குவெஸ்ட் ஹெட்செட்டுகளுக்கு முன்பு முதன்மைக் கடை ஒன்றும், புதியவர்களுக்கு ஆப் லேப் என்னும் பக்கவாசலும் இருந்தன. 2024 ஆகஸ்டில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். நுழைவது எளிதாகிவிட்டது, கூட்டத்தில் தொலைந்துபோவதும் எளிதாகிவிட்டது.

அங்கே சமர்ப்பிக்கும்முன் தொழில்நுட்பச் சோதனைகள் உண்டு. விநாடிக்கு 72 பிரேமுக்குக் குறையாமல் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். புதியவர்கள் அதைவிட அதிகமாகத் தவறவிடுவது வேறொன்று: விளையாட்டின் நடுவே ஹெட்செட்டின் முகப்புப் பட்டியலைத் திறந்தாலோ ஹெட்செட்டைக் கழற்றிவைத்தாலோ விளையாட்டு நிற்க வேண்டும், திரும்ப அணிந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வந்து மாட்டிப் பாருங்கள். டப்பா அதற்குள் தானாக விழுந்திருந்தால் இன்னும் அனுப்ப வேண்டாம்.